புது ஊருக்குப் போகும் நர்சம்மாவுக்கு: திண்ணைப் பேச்சு ஒரு வழிகாட்டி

கிராம சுகாதார செவிலியராகப் பணி ஆணை வாங்கியாச்சு. ஒரு துணை சுகாதார நிலையம் உங்கள் பொறுப்பு. சமவெளி என்றால் ஏறத்தாழ 5000 பேர், மலைப்பகுதி என்றால் 3000 பேர். ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசுவது, எதைப் பேசக் கூடாது என்பதற்கு மட்டும் வகுப்பு கிடையாது. வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. நாள் தள்ளிப்போனதை ஒரு பெண் உங்களிடம் இரண்டாவது மாதம் சொல்வாளா, ஐந்தாவது மாதம் சொல்வாளா? கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, அலமாரியில் சேர்கிறதா? இதெல்லாம் உங்களிடம் மனசு விட்டுப் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றுவதைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாத் தெருவிலும் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிற ஆட்கள் மிகக் குறைவு. உறவுக்காரர்கள்கூட ஒரு தெருவோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் எல்லா வீட்டுக்கும் போவீர்கள். அதனால் ஊர் உங்களிடம் இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோகிறாரா? சொன்ன வார்த்தையோடு திரும்பி வருகிறாரா? கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

பதிவேட்டைத் தொடாமல் ஒரு சுற்று

முதல் வாரம் கணக்கெடுக்காதீர்கள். மேலே இருந்து நெருக்குவார்கள்தான், ஆனால் அந்த ஒரு வாரம் பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். அங்கன்வாடிப் பணியாளரை, அதாவது ஊர் இன்னமும் பால்வாடி டீச்சர் என்று கூப்பிடுகிறவரை, முதலில் போய்ப் பாருங்கள். அடுத்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்; பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். இந்த இருவரில் ஒருவரோடு ஊரைச் சுற்றுங்கள். ஒரே ஆளோடு எல்லாத் தெருவுக்கும் போக வேண்டாம். அவருக்கு ஆகாத வீடுகள் நாலைந்து இருக்கும். அந்தக் கணக்கு உங்கள் தலையிலும் ஏறிவிடும்.

இந்தச் சுற்றில் நீங்கள் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது? கடைசி பஸ் எப்போ? இந்த வருஷம் மழை பரவாயில்லையா? பேச்சுக்காக மட்டும் கேட்பதில்லை இது. கடைசி பஸ் ஏழரைக்குப் போய்விடுகிறது என்று தெரிந்தால், ஒன்பதாம் மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணிடம் ‘ராத்திரி வலி வந்தா எப்படிப் போவீங்க, 108க்குப் போன் பண்ண இங்க சிக்னல் கிடைக்குதா’ என்று கேட்கத் தோன்றும். ஊரைத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. அவர்களுக்கே புரியும்.

எந்தத் தெருவில் தொடங்குகிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். ஒரு நாள் ஊருக்குள் தொடங்கினால் மறுநாள் காலனியில் தொடங்குங்கள். தண்ணீர் வாங்கிக் குடிப்பது இன்னும் பெரிய விஷயம். மேலத்தெருவில் செம்பில் வாங்கிக் குடித்துவிட்டு, காலனிக்கு வரும்போது பைக்குள்ளிருந்து சொந்த பாட்டிலை எடுத்தீர்களானால், அதற்கு மேல் நீங்கள் என்ன இனிமையாகப் பேசினாலும் காது கேட்காது. எங்குமே குடிப்பதில்லை என்றால் அது ஒரு வழக்கம். ஓரிடத்தில் குடித்து ஓரிடத்தில் குடிக்காமல் இருப்பதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

‘நீங்க என்ன ஆளுக?’

இந்தக் கேள்வி வரும். நேராக வராவிட்டால் ‘சொந்த ஊரு எது, அங்க எந்தத் தெரு, யாரு வகையறா’ என்று சுற்றி வளைத்து வரும். கோபப்பட்டால் அன்றைக்கு வாசல் சாத்தப்படும். பதில் சொன்னால் ஊர் உங்களை ஒரு கட்டத்துக்குள் எழுதிக்கொள்ளும். சொந்த ஊர், அப்பா என்ன வேலை பார்த்தார், எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் கிளறினால், ‘நர்சு ஆளுங்கதான் ஆத்தா, ஊசி போடுறவுக’ என்று சிரித்துக்கொண்டே பேச்சை நகர்த்திவிடலாம். பலரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சாதி தெரிந்து வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வீடும் உண்டு. அதைப் பேசிச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. இதையும் இனிமையாகப் பேசித் தாண்டு என்று அறிவுரை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முறை வைத்துக் கூப்பிடுவதில் அவசரம் வேண்டாம். மதுரைப் பக்கம் அப்பத்தா, நெல்லைப் பக்கம் ஆச்சி, கொங்கில் அம்மிணி என்று ஊருக்கு ஊர் வேறு. வந்த இரண்டாம் நாளே அவர்கள் பேச்சை அப்படியே பேசிப் பார்த்தால் கேலி மாதிரி இருக்கும். ‘அம்மா’, ‘அக்கா’ எல்லா ஊருக்கும் போதும். அவர்களே ஒரு நாள், ‘என்னை எல்லாரும் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாக’ என்பார்கள். அதன் பிறகு கூப்பிடுங்கள். வயதில் சின்ன மருமகளையும் ‘வா, போ’ என்று தொடங்க வேண்டாம், முக்கியமாகக் காலனியில். பெரிய வீட்டு மருமகளை ‘வாங்க’ என்றும் கூலிக்காரர் மருமகளை ‘வா’ என்றும் சொல்கிற நாக்கை ஊர் உடனே கண்டுபிடித்துவிடும்.

எந்த நேரத்துக்கு எந்த வீடு

காலை ஒன்பது மணிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். பால் கறக்கும் நேரத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. ரேஷன் கடையில் சரக்கு வந்த அன்று தெருவே காலி. இதைத் தெரிந்துகொண்டு போவதே ஒரு மரியாதை. வேலைத்தளத்தில் மரத்தடியில் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே பொது விஷயம் மட்டும்தான். ‘உனக்குப் போன மாசம் ரத்தம் எட்டுதான இருந்துச்சு’ என்று அங்கே கேட்டால், அந்தப் பெண் அடுத்த மாதம் உங்களைப் பார்த்ததும் வேறு சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

உள்ளே போனதும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதில் தொடங்குங்கள். அப்புறம், போன முறை அவர்கள் சொன்ன ஏதோ ஒன்று. ‘மூத்தவனுக்குப் பரீட்சைன்னீங்களே, எப்படி எழுதினான்?’, ‘அந்த ஆடு குட்டி போட்டுருச்சா?’ இதற்காகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டை விட்டு வெளியே வந்து, தெரு முனை தாண்டிய பிறகு எழுதுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதினால் பேச்சு விசாரணை ஆகிவிடும். டேப்லெட்டில் விவரம் ஏற்ற வேண்டியிருந்தால், ‘இதைக் கொஞ்சம் ஏத்திக்கிறேன், அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டணும்’ என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போட்டோ எடுக்க ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஒரு முறை சரி சொன்னார்கள் என்பது அடுத்த முறைக்குச் செல்லாது.

கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: ‘விசேஷம் உண்டா?’ புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணைப் பார்க்கிறவர்களெல்லாம் அதைத்தான் கேட்பார்கள். நாலைந்து வருஷம் அதைக் கேட்டுக்கேட்டு நொந்துபோனவள் உங்களிடமிருந்தும் அதையே கேட்கத் தேவையில்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டுக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதிகளின் பட்டியலுக்கு, உங்களுக்கு விவரம் வேண்டும், உண்மைதான். தனியாகப் பார்க்கும்போது, ‘உடம்பு விஷயமா ஏதாச்சும் கேக்கணும்னா, இல்ல டாக்டரைப் பாக்கணும்னா சொல்லுங்க, நான் ஏற்பாடு பண்றேன்’ என்று விட்டுவிட்டு வாருங்கள். பதில் அன்றைக்கே வராது. ஒரு மாதம் கழித்து வரும்.

மாமியார்

மருமகளைப் பார்க்க வேண்டுமென்றால் மாமியாரோடுதான் தொடங்க வேண்டும். இது தந்திரம் இல்லை. அந்த வீட்டில் என்ன சமைப்பது, யார் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்கிறவர் அவர். அவருக்கு மூட்டுவலி இருக்கும், பிரஷர் இருக்கும். முதலில் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பாருங்கள். ‘உங்க காலத்துல பிரசவம் எங்க பாத்தீங்க?’ என்று கேளுங்கள். கேட்டால் நிற்காது, அரை மணி நேரம் போகும், போகட்டும். எத்தனை பிரசவம், எது தங்கவில்லை, யார் மருத்துவச்சி என்பதெல்லாம் வரும். அந்த அரை மணியில் அந்த வீட்டுப் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மருமகளைத் தனியாகப் பார்க்க எடை மெஷின் உதவும். ‘எடை பாக்கணும், தரை சமமா இருக்கணும், உள்ள வாம்மா’ என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் ‘நல்லா சாப்பிடுறீங்களா, தூக்கம் வருதா, வீட்ல எல்லாம் சரியா இருக்கா’ என்று மூன்றே கேள்வி. அவள் சட்டென்று கண்ணைத் தாழ்த்தினால் அப்போதே தோண்ட வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181 என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வேறு காரணம் வைத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

பிள்ளை பிறந்த வீட்டில் ‘சேனை’ என்று ஒரு பேச்சு வரும். நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணியைக் குழந்தை நாக்கில் தொட்டு வைத்தால் அந்தக் குணம் வரும் என்று ஆசை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ‘இதெல்லாம் மூடநம்பிக்கை’ என்றால் கதவு மூடிக்கொள்ளும். நீங்கள் போன பிறகு தொட்டும் வைப்பார்கள். எட்டாவது மாதமே பேச்சை எடுங்கள். ‘சேனை யாரு வைக்கப் போறீங்க?’ என்று கேட்டு, அந்தப் பெரியவரையே பார்த்து, ‘குழந்தையை முதல்ல உங்க கையிலதான் வாங்கணும் அம்மா, வாய்க்கு மட்டும் தாய்ப்பால்தான் முதல்ல போகணும்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியிருந்த மரியாதை கிடைத்துவிட்டால் சர்க்கரைத் தண்ணி பெரிய விஷயமில்லை.

மாத்திரைப் பேச்சு

இரும்புச்சத்து மாத்திரை நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ‘மாத்திரை சாப்பிடுறியா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘சாப்பிடுறேன்’ என்பார்கள். அது பதில் இல்லை, அனுப்பிவைக்கும் வார்த்தை. ‘பல பேருக்கு அது வயித்தைப் பிரட்டும், உங்களுக்கு எப்படி?’ என்று கேளுங்கள். சாப்பிடாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்று நீங்களே வழிவிட்டால் உண்மை வரும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருப்பாள். குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குழந்தை கறுத்துவிடும் என்றும் சொல்லியிருப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் பதில். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, பயமில்லை. குழந்தை நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். இதை வகுப்பாக எடுக்காமல், அவள் கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த முறை சொல்லலாம்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும்

தடுப்பூசி நாள் புதன்கிழமை. ஊரின் நம்பிக்கை உறுதிப்படுவது வியாழக்கிழமை. ஆறாவது வாரம் பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி, போட்ட குழந்தை ராத்திரி முழுக்க அழலாம், காய்ச்சல் அடிக்கலாம், தொடை வீங்கலாம். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி உங்களை மெச்சிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் திட்டுவார்கள். அவ்வளவு வித்தியாசம். ஊசி போட்டதும் நாலு விஷயம் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்களே: இன்றைக்கு என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுமுறை கொண்டுவர வேண்டும். கூட்டத்தில் இதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம். வெட்டாதீர்கள். அரை மணி நேரம் உட்கார வைப்பது விதி என்பதால் அந்த அரை மணியிலேயே சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை, முதல் முறை ஊசி போட்ட வீடுகளுக்கு மட்டுமாவது ஒரு நடை போங்கள். ‘ராத்திரி தூங்குனானா?’ இது ஒன்று போதும். போக முடியாவிட்டால் போன்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளால் பயந்து, பள்ளிக்கே பிள்ளையை அனுப்பாதவர்கள் இருந்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தபோது மறுபடி அதே பயம். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு பின்னால் சொன்னது. ஆனால் திண்ணையில் கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது. இப்படி ஒரு வதந்தி வரும்போது முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்: ‘என்ன கேள்விப்பட்டீங்க, யாரு அனுப்புனது, காட்டுங்க பாப்போம்.’ முழுசாகக் கேளுங்கள். சிரிக்க வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியலை, டாக்டரைக் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்’ என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லி, பதில் கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை போய் ‘இன்னும் கேக்க முடியலை’ என்றாவது சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்கு ஊசி போட ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. அதட்டிப் போட்ட ஊசி அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடும். அடுத்த பிள்ளைக்கு ஊரை விட்டே போய்விடுவார்கள்.

வாயைக் காப்பது

‘அந்த வீட்டுப் பொண்ணுக்கு எத்தனையாவது மாசம்?’, ‘அவளுக்குச் சர்க்கரை இருக்காமே?’ இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு விவரம் வேண்டாம். நீங்கள் சொல்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். ‘அது அவங்களைத்தான் கேக்கணும் அக்கா. உங்களைப் பத்தி அங்க கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.’ இரண்டாவது வாக்கியத்தை விடாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் முகம் மாறும். பெயர் சொல்லாமல் ‘ஒரு வீட்ல இப்படித்தான்’ என்று உதாரணம் காட்டுவதும் வேண்டாம். 5000 பேருக்குள் பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிலவற்றைச் சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை, சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர மற்றவரிடம் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. ‘ஆணா பொண்ணா, ஸ்கேன்ல தெரிஞ்சிருக்குமே’ என்று உங்களையும் கேட்பார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டரும் சொல்லக் கூடாது. ‘எனக்கும் பிறந்த பிறகுதான் தெரியும்’ என்று முடித்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு, இதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பெண் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்று தொடங்கினால் சத்தியம் பண்ணாதீர்கள். 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக இருந்தால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. ‘ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா, இல்ல சட்டப்படி சொல்லியே ஆகணும்னா மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு வார்த்தை மீறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணம், கீரை, போன்

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. முதல் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண் படும் என்று தயங்குகிற வீட்டில், ‘பதிவு எனக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும்தான், தெருவுக்கு இல்லை’ என்று புரிய வையுங்கள். பணம் எப்போது வரும் என்று மட்டும் தேதி சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கு, ஆதார், பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையில். பணம் ஏறுவது உங்கள் கையில் இல்லை. ‘அடுத்த மாசம் வந்துரும்’ என்ற ஒரு வார்த்தை தப்பினால், ஊசி பற்றிச் சொன்னதும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும்.

முருங்கைக்கீரையும் நாலு கத்திரிக்காயும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் பணத்தைக் கையில் திணித்தால் அந்த இடத்திலேயே, நாலு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுங்கள்.

போன் நம்பரைக் கொடுத்தால் எடுக்க வேண்டும். எப்போது எடுக்க முடியாது என்பதையும், அந்த நேரத்துக்கு 108 என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

மாறுதல் வந்தால்

உங்களுக்கு மாறுதல் உத்தரவு வந்ததும், அடுத்து வருகிறவர் யாரென்று தெரிந்தால் அவரோடு ஒரு நாளாவது தெருவில் நடங்கள். நிறைமாதமாக இருக்கிற வீடுகளுக்கும், ஊசிக்குத் தயங்குகிற வீடுகளுக்கும் நேரில் கூட்டிப்போய், ‘இவங்கதான் இனிமே’ என்று அறிமுகப்படுத்துங்கள். பதிவேட்டை ஒப்படையுங்கள், எடை மெஷினை ஒப்படையுங்கள். அந்தச் சின்ன நோட்டை ஒப்படைக்க வேண்டாம். அதில் உள்ளது உங்களை நம்பிச் சொன்னது. கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.